டெஸ்ட் ஃபோல்டர் முழுக்க கலந்து கெடக்கு, எதை ஆட்டோமேட் பண்றது, எதை கண்ணால பாக்குறது?

கேள்வி: அண்ணா, நானும் இன்னும் மூணு நாலு பேரும் சேர்ந்து ஒரு 2டி கிராஃபிக்ஸ் லைப்ரரி எழுதிட்டு இருக்கோம், ஓப்பன் சோர்ஸ் தான், ஓப்பன்ஜிஎல், வல்கன்னு ரெண்டு பேக்கெண்டும் (கிராஃபிக்ஸ் கார்டுகிட்ட வரையச் சொல்ற ரெண்டு வழி) இருக்கு. டெஸ்ட் ஃபோல்டர்ல நூத்துக்கணக்குல ப்ரோக்ராம் கெடக்கு. பாதி தானா ஓடி பாஸ், ஃபெயில்னு சொல்லிடும், மீதி விண்டோ தொறந்து "சிவப்பு முக்கோணம் தெரியுதா, ஆமா / இல்ல"ன்னு கேக்கும், அத இப்ப யாருமே ஓட்றதில்ல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கம்பேர் பண்ற டெஸ்ட்டும் எழுதினோம், என் மெஷின்ல பாஸ், இன்னொருத்தர் மெஷின்ல ஃபெயில், சிஐ-ல (கோட் மாறுறப்பல்லாம் டெஸ்ட்ட தானா ஓட்டற மெஷின்) வேற மாதிரி ஃபெயில். டாலரன்ஸ, அதாவது எவ்வளவு வித்தியாசத்த மன்னிக்கலாம்ங்கற அளவ, ஏத்தி ஏத்தி இப்ப எது ஒடஞ்சாலும் பாஸ் ஆகுது. மேனுவல் டெஸ்ட் எல்லாத்தையும் தூக்கிட்டு மொத்தமா ஆட்டோமேட் பண்ணிடலாமா? ஃபோல்டர எப்படி பிரிக்கிறது? புல் ரிக்வெஸ்ட் (கோட் மாத்தத்த சேத்துக்கச் சொல்லி வர்ற கோரிக்கை) வரப்ப எதெல்லாம் ஓடணும்?

பதில்: தம்பி, மொத்தமா தூக்கிடாதீங்க. ஆனா இப்ப இருக்குற மாதிரியும் வெக்காதீங்க. "ஆட்டோமேட்டிக், மேனுவல்"னு ரெண்டா பிரிக்கப் பாக்குறீங்க, அங்கயே தான் சிக்கல். ஒரு டெஸ்ட்ட எடுத்து ரெண்டு கேள்வி கேளுங்க: இது ஓட என்னென்ன வேணும், ஜிபியூ வேணுமா, விண்டோ வேணுமா, கையில மவுஸ் வேணுமா? ரெண்டாவது, பாஸா ஃபெயிலான்னு தீர்ப்பு சொல்றது யாரு? இந்த ரெண்டுக்கும் பதில் கெடச்சா ஃபோல்டர் தானா பிரிஞ்சிடும். மனுஷ கண்ணு வேணும்னு நீங்க நெனக்கிற பல டெஸ்ட்டுக்கு கண்ணு ஒரே ஒரு தடவ போதும், படம் சரின்னு ஒரு ஆள் ஒப்புக்கிட்டதுக்கு அப்பறம் அது மாறாம இருக்கான்னு பாக்குறது மெஷின் வேல. இத மட்டும் புடிச்சுக்கிட்டீங்கன்னா மீதியெல்லாம் வேலை தான், யோசனை இல்ல.

முதல்ல ஜிபியூவே தேவைப்படாத கூட்டம். மேட்ரிக்ஸ் பெருக்கல், கலர் பார்சிங், வளைவுகள நேர்கோடா உடைக்கிறது, பவுண்டிங் பாக்ஸ், க்ளிஃப் அட்லஸ்ல (எழுத்து வடிவங்கள சேத்து வெக்கிற ஒரு பெரிய படம்) எழுத்துகள அடுக்கறது, பிஎன்ஜி படிக்கிறது எழுதறது, இதுக்கெல்லாம் விண்டோ தொறக்கறது வீண் வேல. இன்னொன்னு, உங்ககிட்ட ஏற்கனவே ரெண்டு பேக்கெண்ட் இருக்கறதால மூணாவதா ஒரு பொய் பேக்கெண்ட் எழுதுறது ஈசி, எதையும் வரையாது, வந்த கட்டளைகள மட்டும் வரிசையா எழுதி வெச்சுக்கும். ஒரே டெக்ஸ்ச்சர்ல ஆயிரம் ஸ்ப்ரைட் வரைஞ்சா எத்தன டிரா கால் (ஜிபியூவுக்கு போற வரையற கட்டளை) போகுது, கிளிப் (வெட்டற எல்லை) மாறினா பேட்ச் (ஒரே கட்டளையில சேத்து வரையற தொகுப்பு) உடையுதா, தேவையில்லாம ஷேடர் (ஜிபியூல ஓடற சின்ன ப்ரோக்ராம்) மாத்துதா, இதெல்லாம் இங்கயே பிடிபட்டுடும். பர்ஃபாமன்ஸ் போச்சுன்னு ரிலீஸ் ஆனப்பறம் யாராவது வந்து சொல்றதுல பெரும்பாலானது இந்த மாதிரி பேட்ச் ஒடஞ்ச கேஸ் தான், அதுக்கு ஸ்டாப்வாட்ச் வெச்சு அளக்க வேண்டியதே இல்ல, எண்ணிக்கைய பாத்தா போதும்.

அடுத்த கூட்டம் தான் உங்களுக்கு முக்கியம்: ஜிபியூ வேணும், ஆனா தீர்ப்பு மெஷினே சொல்லலாம். உங்க சிவப்பு முக்கோணத்தையே எடுத்துக்கோங்க. அதுக்கு விண்டோவும் வேணாம், ஆளும் வேணாம். சின்னதா ஒரு ஆஃப்ஸ்க்ரீன் ஃப்ரேம்பஃபர்ல (திரைக்கு வராம மெமரிலயே இருக்குற படம்) வரைஞ்சு, பிக்சல திருப்பி படிச்சு, முக்கோணத்துக்கு உள்ள நல்லா நடுவுல ரெண்டு மூணு எடத்துல சிவப்பா, வெளிய மூலையில பின்னணி கலரான்னு பாத்தா முடிஞ்சுது. ஓரத்து பிக்சல தொடாதீங்க. ஓப்பன்ஜிஎல் ஸ்பெக்கே (அதோட விதிகள சொல்ற ஆவணம்) தன்னை பிக்சலுக்கு பிக்சல் துல்லியமானது இல்லன்னு சொல்லிக்கிது, வேற வேற இம்ப்ளிமெண்டேஷன்ல ஒரே படம் வரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது, கோடு வரையற விதியில ஒரு பிக்சல் வரைக்கும் விலகலாம்னு இடமே குடுத்திருக்கு. உங்க மெஷின்ல பாஸ், நண்பர் மெஷின்ல ஃபெயில்னு வந்தது பக் ஆவே இல்லாம இருக்கலாம்.

ஆனா ஸ்பெக் உறுதியா சொல்ற விஷயங்களும் இருக்கு, டெஸ்ட்ட அதுமேல கட்டுங்க. உதாரணத்துக்கு, ரெண்டு முக்கோணம் ஒரு விளிம்ப பங்கு போட்டா, அந்த விளிம்புல இருக்குற பிக்சல் ஏதாவது ஒரு முக்கோணத்துக்கு மட்டும் தான் சேரும், ரெண்டுக்கும் சேராது, விட்டும் போகாது. கருப்பு பின்னணியில பாதி ஒளிபுகும் வெள்ளைல ரெண்டு முக்கோணம் வெச்சு ஒரு செவ்வகம் வரைங்க. உள்ள எல்லா பிக்சலும் 128 பக்கத்துல ஒரே மாதிரி இருக்கணும். மூலைவிட்டத்துல எங்கயாவது 191 பக்கம் வந்தா ரெண்டு தடவ வரைஞ்சிருக்கு, 0 வந்தா இடைவெளி விழுந்திருக்கு. ரெண்டுக்கும் காரணம் பெரும்பாலும் உங்க லைப்ரரி அந்த விளிம்போட முனைப்புள்ளிகள ரெண்டு முக்கோணத்துக்கும் தனித்தனியா கணக்கு போட்டு துளி வித்தியாசமா அனுப்பறது தான். இந்த டெஸ்ட் எந்த கார்டுலயும் எந்த டிரைவர்லயும் ஒரே பதில தான் சொல்லணும், ரெஃபரன்ஸ் படமே தேவையில்ல.

வரையற படத்த கொஞ்சம் குசும்பா தேர்ந்தெடுக்கணும், இத பலபேர் கண்டுக்கறதே இல்ல. நடுவுல ஒரு சிவப்பு சதுரம் வரைஞ்சு டெஸ்ட் பண்ணா படம் தலைகீழா வந்தாலும் பாஸ் தான். ஓப்பன்ஜிஎல்ல திருப்பி படிக்கிறப்ப முதல் வரிசை கீழ இருந்து வரும், பிஎன்ஜில மேல இருந்து, இந்த தலைகீழ் பக் வராத கிராஃபிக்ஸ் லைப்ரரியே இருக்காது. அதனால நாலு மூலைக்கும் நாலு வேற கலர் குடுங்க. கலர்லயும் 0, 255 மட்டும் போடாதீங்க, அந்த ரெண்டு மதிப்பும் எஸ்ஆர்ஜிபிக்கு (ஒளி அளவ திரைக்கு ஏத்த மாதிரி வளைச்சு சேமிக்கிற முறை) மாத்தினாலும் மாத்தாட்டியும் அப்படியே தான் இருக்கும், அந்த வளைவுல வர்ற காமா தப்பு தெரியவே தெரியாது. லீனியர் 0.5 குடுத்தீங்கன்னா எஸ்ஆர்ஜிபி ஃப்ரேம்பஃபர்ல 188 வரணும், 128 வந்தா எங்கயோ கன்வெர்ஷன் விட்டுப் போச்சு. ஆல்ஃபாவும் (எவ்வளவு ஒளிபுகாதுங்கற அளவு) அப்படித்தான், முழுசா ஒளிபுகாத படத்துல ப்ரீமல்டிப்ளைடு தப்பு (கலர ஆல்ஃபாவால முன்கூட்டியே பெருக்கறதுல வர்றது) தெரியாது, பாதி ஆல்ஃபா வேணும். அகலத்த 64ன்னு வெக்காம 61ன்னு வைங்க. ஓப்பன்ஜிஎல்ல பேக் அலைன்மெண்ட் டிஃபால்ட்டா 4 பைட், அதாவது ஒவ்வொரு வரிசையும் 4ஆல வகுபடற எடத்துல தான் ஆரம்பிக்கும், ஆர்ஜிபில 61 பிக்சல்னா 183 பைட், அது 184க்கு நீளும், அத கவனிக்காம படிச்சா படம் சரிவா சாஞ்சு போகும். 64ன்னு வெச்சா அந்த பக் உங்க கண்ணுல இருந்து வருஷக்கணக்கா ஒளிஞ்சிருக்கும், ஒரு நாள் யாரோ ஒத்தப்படை அகலத்துல ஒரு படத்த ஏத்துவாங்க, அன்னிக்கு தான் தெரியும்.

பிக்லிட்னு மெசா (ஓப்பன் சோர்ஸ் கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பு) டிரைவர் ஆளுங்க பயன்படுத்துற டெஸ்ட் தொகுப்பு இருக்கு, அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச பழக்கம் ஒன்னு: அதே ப்ரோக்ராம சும்மா ஓட்டினா விண்டோ தொறந்து படத்த காட்டிட்டு நிக்கும், ஆட்டோ ஆப்ஷன் குடுத்து ஓட்டினா வரைஞ்சு, பிக்சல சோதிச்சு, முடிவ ஒரு வரில எழுதிட்டு வெளிய போயிடும். உங்க பழைய டெஸ்ட் ப்ரோக்ராம்கள தூக்கிப்போட வேணாம்னு சொன்னதுக்கு காரணம் இதான். வரையற கோட் ஏற்கனவே இருக்கு, தீர்ப்பு சொல்ற பத்து வரிய சேத்தா போதும், நாளைக்கு ஃபெயில் ஆனா அதே ப்ரோக்ராம கையால ஓட்டி என்ன வரையுதுன்னு பாத்துக்கலாம்.

இப்ப ஸ்க்ரீன்ஷாட் விஷயத்துக்கு வருவோம். ரெஃபரன்ஸ் படத்த சேமிச்சு வெக்கறதுக்கு முன்னாடி, அந்த படம் இல்லாமயே கம்பேர் பண்ண முடியுமான்னு யோசிங்க. பிரவுசர் உலகத்துல ரெஃப்டெஸ்ட்னு சொல்லுவாங்க, ஒரே படத்த ரெண்டு வழில வரைஞ்சு ரெண்டையும் ஒப்பிடறது. (10, 0)ல நேரா வரைஞ்ச செவ்வகமும், 10 பிக்சல் நகத்திட்டு (0, 0)ல வரைஞ்ச செவ்வகமும் ஒன்னா இருக்கணும். செவ்வக ஃபங்ஷனும், அதே நாலு புள்ளிய ஒரு பாத் (path) வடிவமா குடுத்து நிரப்புறதும் ஒன்னா இருக்கணும். கிளிப் வெச்சு வெட்டினதும், வெட்டின அளவுக்கே வரைஞ்சதும் ஒன்னா இருக்கணும். ரெண்டும் ஒரே மெஷின்ல ஒரே டிரைவர்ல ஓடறதால டிரைவர் வித்தியாசம் பெருசா உள்ள வராது. நகத்துறத மட்டும் முழு பிக்சல்லயே வெச்சுக்கோங்க, அரை பிக்சல் நகத்தினா ரவுண்டிங் வேலைய காட்டும். ஒரு எச்சரிக்கை, ரெண்டுமே வெறும் வெள்ளையா வந்தாலும் "ஒன்னா இருக்கு"ன்னு பாஸ் ஆகும், அதனால கூடவே "இது காலி படத்துக்கு சமமா இருக்கக்கூடாது"ன்னு ஒரு எதிர் டெஸ்ட்டும் வெச்சிடுங்க.

இந்த வழியில அடங்காதது தான் ரெஃபரன்ஸ் படத்துக்கு போகணும், வளைவு ஓரத்து ஆன்டி-அலயசிங் (படிப்படியா தெரியற ஓரத்த மழுப்பறது), ப்ளர், கிரேடியண்ட், டெக்ஸ்ட் மாதிரி. அந்த படங்கள ஒரே ஒரு இடத்துல தான் உருவாக்கணும்: சாஃப்ட்வேர் ராஸ்டரைசர். மெசாவுல ஓப்பன்ஜிஎல்லுக்கு எல்எல்விஎம்பைப், வல்கனுக்கு லாவாபைப் இருக்கு, கூகுளோட ஸ்விஃப்ட்ஷேடர் இருக்கு, எல்லாமே சிபியூல ஓடறது, சிஐ மெஷின்ல கார்டு இல்லன்னாலும் கவலையில்ல. வெர்ஷன மட்டும் கன்டெய்னர்ல பூட்டி வைங்க, அப்டேட் ஆனா ரவுண்டிங் மாறலாம். அந்த ஒரு சூழல்ல மட்டும் கண்டிப்பான கம்பேர், டாலரன்ஸ் பூஜ்யம் இல்லாட்டி அதுக்கு பக்கத்துல. நிஜ கார்டுகள்ல பிக்சல் சோதனையும் ரெஃப்டெஸ்ட்டும் போதும், அங்க ரெஃபரன்ஸ் படத்த ஓட்டினா அத தகவலா மட்டும் வைங்க, ஃபெயில் ஆக்காதீங்க.

டாலரன்ஸ ஏத்தி ஏத்தின்னு எழுதிருந்தீங்க. நீங்க சராசரி வித்தியாசத்த தான் பாக்குறீங்கன்னு நெனக்கிறேன், ஆர்எம்எஸ் (வித்தியாசங்களோட வர்க்கத்துக்கு சராசரி எடுத்து, அதோட வர்க்கமூலம்) மாதிரி. கணக்கு போட்டு பாருங்க: 800 x 600 வெள்ளை படத்துல 100 பிக்சல் நீள கருப்பு கோடு ஒன்னு வரையாமயே விட்டுப் போச்சுன்னு வைங்க. மொத்தம் 4,80,000 பிக்சல், அதுல 100 மட்டும் முழு 255 வித்தியாசம், ஆர்எம்எஸ் வர்றது 3.7 கிட்ட. டாலரன்ஸ் 5ன்னு வெச்சிருந்தா கோடே இல்லாத படம் பாஸ். அதனால ரெண்டு எண்ணு தனித்தனியா வைங்க: ஒரு பிக்சல்ல ஒரு சேனல் அதிகபட்சம் எவ்வளவு மாறலாம், அப்படி மாறின பிக்சல் மொத்தம் எத்தன இருக்கலாம். ரவுண்டிங்ல வர்ற வித்தியாசம் நிறைய பிக்சல்ல 1, 2ன்னு சின்னதா இருக்கும், நிஜ பக் கொஞ்ச பிக்சல்ல பெருசா இருக்கும், இந்த ரெண்டையும் ஒரே சராசரில கலந்தா பிரிச்சே பாக்க முடியாது. இந்த அளவு டெஸ்ட்டுக்கு டெஸ்ட் மாறணும், மொத்த புராஜெக்ட்டுக்கும் ஒரே நம்பர்னு வெச்சா அது கடைசில மோசமான டெஸ்ட்டுக்கு ஏத்த நம்பராத்தான் போய் நிக்கும். படத்தையும் சின்னதா வைங்க, ஒரு படத்துல ஒரு விஷயம்.

டெக்ஸ்ட் இருந்தா தனி. ஃப்ரீடைப் (எழுத்த படமா மாத்துற லைப்ரரி) வெர்ஷன் மாறினா எழுத்தோட ஓரம் மாறும், கிராஃப் லைப்ரரியான மேட்பிளாட்லிப் இதுக்காகவே டெஸ்ட்டுக்கு ஃப்ரீடைப் வெர்ஷன பூட்டி வெச்சாங்க, தேவையில்லாத டெஸ்ட்ல படத்துல இருந்து எழுத்தையே எடுத்துடற ஆப்ஷனும் வெச்சிருக்காங்க. நீங்களும் ஃபான்ட் ஃபைல ரெப்போக்குள்ளயே வைங்க, சிஸ்டம் ஃபான்ட்ட நம்பாதீங்க. எழுத்து சரியா சேருதான்னு பாக்குறதுக்கு படம் கூட வேணாம், "கொ"ன்னு குடுத்தா ஷேப்பிங் (எழுத்துக்கு ஏத்த வடிவங்கள தேர்ந்தெடுத்து அடுக்கறது) முடிஞ்சு எந்த க்ளிஃப், எந்த வரிசையில, எந்த எடத்துல வருதுன்னு பட்டியலா எடுத்து ஒப்பிடுங்க, எழுத்துக்கு ரெண்டு பக்கமும் குறி விழற மாதிரி கேஸ்ல இது படத்த விட தெளிவா தப்ப காட்டும்.

ரெஃபரன்ஸ் படத்த மாத்துறது எப்படிங்கறது டாலரன்ஸ விட பெரிய விஷயம். "எல்லாத்தையும் புதுசா எழுது"ன்னு ஒரு கமாண்ட் வெச்சிருப்பீங்க, ஃபெயில் ஆனா அத ஓட்டிட்டு கமிட் பண்ணிடுவாங்க, அத்தோட டெஸ்ட் செத்துது. பழைய படம், புது படம், வித்தியாசம் மூணையும் பக்கம் பக்கமா போட்டு ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம் தானா வரட்டும், வித்தியாச படத்த 30 மடங்கு பெருக்கி காட்டுங்க, 2 அளவு மாறினது வெறும் கண்ணுக்கு தெரியாது. படம் மாத்துற கமிட் தனியா வரணும், ஏன் மாறுதுன்னு ஒரு வரி வேணும், கோட் எழுதினவர் இல்லாம இன்னொருத்தர் பாத்து ஒப்புக்கணும். ஸ்கியாங்கற 2டி கிராஃபிக்ஸ் லைப்ரரிக்கு கோல்டுன்னு ஒரு தனி வெப் டூலே இருக்கு, வந்த படங்கள சரி, தப்புன்னு ஆள் பாத்து குறிக்கிறதுக்கு. உங்க அளவுக்கு அவ்வளவு வேணாம், ஹெச்டிஎம்எல் பக்கம் போதும்.

வல்கன்ல வேலிடேஷன் லேயர (வல்கன தப்பா பயன்படுத்தினா கண்டுபிடிச்சு சொல்றது) டெஸ்ட் ஓடறப்ப எப்பவும் ஆன்ல வைங்க, ஓப்பன்ஜிஎல்ல டீபக் கால்பேக். படம் சரியா வந்தாலும் ஒரு எரர் மெசேஜ் வந்தா அந்த டெஸ்ட் ஃபெயில். பேரியர் (இந்த வேல முடிஞ்சப்பறம் தான் அடுத்ததுன்னு ஜிபியூகிட்ட சொல்றது) விட்டுப்போன கோட் ஒரு கார்டுல அதிர்ஷ்டத்துல ஓடும், இன்னொன்னுல குப்பையா வரும். டெஸ்ட் ஆரம்பிக்கறப்ப ஃப்ரேம்பஃபர அசிங்கமான மெஜந்தால கிளியர் பண்ணிடுங்க, புது டெக்ஸ்ச்சர்ல என்ன இருக்கும்னு எந்த உறுதியும் கிடையாது, பல தடவ பூஜ்யமா இருந்து உங்கள ஏமாத்தும். ஒரு சில நேரம் மட்டும் ஃபெயில் ஆகுற டெஸ்ட்ட மூணு தடவ ஓட்டி ஒரு தடவ பாஸ் ஆனா சரின்னு விட்டுடாதீங்க, பெரும்பாலும் அதுக்கு பின்னாடி ஒரு சிங்க் விட்டுப் போயிருக்கும். டெஸ்ட் வரிசைய கலைச்சு ஓட்டுங்க, கலைக்க பயன்படுத்தின சீட் (seed) நம்பர பிரிண்ட் பண்ணுங்க, அதே வரிசைய திரும்ப ஓட்டறதுக்கு, முந்தின டெஸ்ட் விட்டுட்டு போன ஸ்டேட்ல அடுத்த டெஸ்ட் பாஸ் ஆகுறது அப்ப தான் வெளிய வரும். டிரைவரே கிராஷ் ஆனா மொத்தமும் படுத்துடாம இருக்க கூட்டம் கூட்டமா தனி ப்ராசஸ், டைம்அவுட் வேணும்.

சரி, மேனுவல். மேல சொன்னதெல்லாம் போக மீதி என்ன இருக்கும்னு பாத்தா: ஸ்க்ரீன் கிழியாம வருதா, அனிமேஷன் தடுக்குதா, ஃபுல்ஸ்க்ரீன் போயிட்டு திரும்பறது, வேற வேற டிபிஐ (பிக்சல் அடர்த்தி) இருக்குற ரெண்டு மானிட்டருக்கு நடுவுல விண்டோவ இழுக்கறது, கர்சர் வடிவம், கேம்பேட கழட்டி மாட்டுறது, லேப்டாப் தூங்கி எழுந்தா படம் இருக்கா, வேற அப்ளிகேஷன்ல இருந்து காப்பி பேஸ்ட். இதுங்கள ஆட்டோமேட் பண்ண முயற்சி பண்ணி மாசக்கணக்கா வீணாக்காதீங்க, நீங்க நாலஞ்சு பேர் தான். ரிலீஸுக்கு முன்னாடி ஒரே உட்கார்வுல முடிக்கிற அளவுக்கு பட்டியல சுருக்கிடுங்க, அரை மணி நேரத்துக்கு மேல போனா யாரும் ஓட்டமாட்டாங்க, இப்ப உங்க ஃபோல்டர்ல நடந்திருக்கறது அதான்.

கேக்குற கேள்வியும் மாறணும். "சரியா தெரியுதா?"ன்னு கேட்டா எதிர்ல உக்காந்திருக்குறவருக்கு சரின்னா என்னன்னே தெரியாது, பத்து டெஸ்ட் தாண்டினா கை தானா ஆமான்னு அழுத்த ஆரம்பிச்சிடும். "விண்டோவ ரெண்டாவது மானிட்டருக்கு இழுங்க. கட்டத்தோட கோடுகள் ஒரு பிக்சல் அகலத்துல கூர்மையா இருக்கணும், மங்கலாவோ ரெட்டையாவோ தெரிஞ்சா ஃபெயில்" இப்படி எழுதுங்க, என்ன செய்யணும், என்ன தெரியணும், தப்பா போனா எப்படி இருக்கும். நடுவுல வேணும்னே ஒரு தப்பான படத்தையும் போடலாம், அதுக்கும் ஆமான்னு வந்தா அந்த ரவுண்ட திரும்ப ஓட்டணும். கொஞ்சம் கொடூரமா தெரியும், ஆனா வேல செய்யும். பதிலோட கூட கார்டு பேர், டிரைவர் வெர்ஷன், ஓஎஸ், ஒரு ஸ்க்ரீன்ஷாட் தானா சேவ் ஆகட்டும்.

ஃபோல்டர்னா நாலு போதும்: யூனிட், ஜிபியூ, படம், மேனுவல். பைதான்ல இருக்குற பிக்லெட் லைப்ரரி யூனிட், இன்டக்ரேஷன், இன்டராக்டிவ்னு மூணா வெச்சிருக்கு, அதுவும் நல்ல பிரிவு தான். ஓப்பன்ஜிஎல்லுக்கு ஒரு ஃபோல்டர், வல்கனுக்கு ஒரு ஃபோல்டர்னு மட்டும் போகாதீங்க, ஒரே டெஸ்ட் ரெண்டு பேக்கெண்ட்லயும் ஓடணும், பேக்கெண்ட் ஒரு பாராமீட்டர், அவ்வளவு தான். அப்படி வெச்சா ரெண்டு பேக்கெண்டோட படத்தையும் ஒன்னோட ஒன்னு ஒப்பிடறதும் ஓசில கெடச்சிடும். தெரிஞ்ச ஃபெயில்கள கோடுக்குள்ள இஃப் போட்டு மறைக்காம ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதுங்க, மெசாவுல டிரைவருக்கு டிரைவர் ஃபெயில், ஃப்ளேக் (சில நேரம் மட்டும் ஃபெயில் ஆகுறது), ஸ்கிப்னு தனித்தனி லிஸ்ட் வெச்சிருக்காங்க. லிஸ்ட்ல இருக்குறது திடீர்னு பாஸ் ஆனாலும் கத்தணும், இல்லாட்டி லிஸ்ட் சுருங்கவே சுருங்காது. கார்டு இல்லாத மெஷின்ல ஸ்கிப் ஆகுறது சரி, ஆனா சிஐ-ல எதிர்பாராத ஸ்கிப் வந்தா ஃபெயில் ஆக்குங்க, இல்லன்னா ஒரு நாள் ராஸ்டரைசர் இன்ஸ்டால் ஆகாம மொத்த டெஸ்ட்டும் ஸ்கிப் ஆகி பச்சையா காட்டும்.

புல் ரிக்வெஸ்ட்டுக்கு யூனிட்டும், சாஃப்ட்வேர் ராஸ்டரைசர்ல ஜிபியூ, படம் ரெண்டும் ஓடினா போதும். நிஜ கார்டுல ராத்திரி ஓடட்டும், உங்ககிட்ட எல்லா கம்பெனி கார்டும் இருக்காது, அதனால ஒரே கமாண்ட்ல எல்லாத்தையும் ஓட்டி முடிவ ஒரு ஜிப் ஃபைலா குடுக்குற மாதிரி பண்ணிடுங்க, காண்ட்ரிப்யூட்டர்கள் அவங்கவங்க மெஷின்ல ஓட்டி அனுப்புவாங்க. மேனுவல் ரிலீஸுக்கு மட்டும், புல் ரிக்வெஸ்ட்ட அதுக்காக நிறுத்தி வெக்காதீங்க. விண்டோ சம்பந்தமான கோட தொட்டிருந்தா மட்டும் அந்த ரெண்டு மூணு மேனுவல் டெஸ்ட்ட ஓட்டச் சொல்லி கேட்டா போதும்.

இருக்குற நூத்துக்கணக்கான டெஸ்ட்ட ஒரே மூச்சுல மாத்த உக்காராதீங்க. பழைய ஃபோல்டருக்கு "பழசு"ன்னு பேர் வெச்சு புதுசா எதுவும் அதுல சேராத மாதிரி பூட்டுங்க, நாலு புது ஃபோல்டர காலியாவே ஆரம்பிங்க. அடுத்து வர்ற ஒவ்வொரு பக்குக்கும் டெஸ்ட் புது எடத்துல எழுதுங்க, அப்ப அதுக்கு சம்பந்தமான பழைய ப்ரோக்ராம தேடி எடுத்து தீர்ப்பு வரிய சேத்து நகத்துங்க. முதல் ஆளா அந்த சிவப்பு முக்கோணத்த நகத்திடலாம், ஆனா மூணு மூலைக்கும் மூணு கலர் குடுத்துட்டு.